கடைசி நிறுத்தம் விரார்

‘சம்பவ இடத்துக்கு மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’

நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ள எவருக்கும் இந்த மூன்று வரிகள் மனப்பாடம். கொலையோ கொள்ளையோ, செய்தியின் கடைசிப் பத்தியில் வந்துவிட்டுப் போகும். அந்த நாயின் பெயர் என்ன, அதற்கு என்ன வயது, அன்று ஓடிய ஓட்டத்தில் கால் வலித்ததா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, 2016-ல் மும்பையிலிருந்து அடுத்தடுத்து நான்கு மரணச் செய்திகள் வரும்வரை.

அந்த ஏப்ரலில் மேக்ஸ். ஜூனில் சுல்தான். ஜூலையில் டைகர். அக்டோபர் 13-ம் தேதி சீசர். நால்வரும் மும்பை காவல்துறையின் வெடிகுண்டு கண்டறியும் பிரிவில் இருந்தவர்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது களத்தில் நின்றவர்கள். ஓய்வுக்குப் பிறகு விராரில் விலங்குகள் மீது அன்புகொண்ட ஒருவரின் பண்ணையில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஏழு மாதத்துக்குள் நால்வரும் போய்விட்டார்கள்.

இவர்களை ‘அவன்’ என்றும் ‘அவர்கள்’ என்றும்தான் எழுதப்போகிறேன். இலக்கணம் அஃறிணையில் சேர்க்கச் சொல்லும். ஊரே உயிருக்குப் பயந்து வெளியே ஓடிவந்த கட்டடத்துக்குள் மோப்பம் பிடித்தபடி நுழைந்தவர்களை அப்படிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு

2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய தாக்குதல் 29-ம் தேதி காலையில்தான் முடிந்தது. 166 பேர் இறந்தார்கள். தாஜ் ஹோட்டலின் மாடியிலிருந்து எழுந்த புகையை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. கேமராக்கள் அதிகம் காட்டாத வேலை ஒன்றும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். வெளியூர் ரயிலுக்காகக் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒரே மாதிரிப் பைகள், துணி மூட்டைகள், தகரப் பெட்டிகள். இவற்றில் எது பயணியுடையது, எது கொல்ல வந்தவன் வைத்துவிட்டுப் போனது? பையைத் திறந்து பார்த்துத்தான் தெரியவேண்டும் என்றால், திறக்கிற கையே வெடிக்க வைக்கலாம். திறக்காமல் தெரிந்துகொள்ள நாயின் மூக்குதான் வழி.

பயங்கரவாதிகள் அந்த நிலையத்தில் விட்டுச்சென்ற இரண்டு கையெறி குண்டுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் சீசர். யூதர் மையமான நாரிமன் ஹவுஸ் தேடுதலிலும் அவன் இருந்தான். தாஜ் ஹோட்டலுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த குண்டைக் கண்டுபிடித்தவன் மேக்ஸ்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை இன்னொரு நிகழ்ச்சி சொல்லும். தாக்குதல் முடிந்து ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. மக்கள் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 3-ம் தேதி, அதே நிலையத்தில் சேர்த்துவைத்திருந்த பயணிகளின் சாமான்களுக்கு நடுவே வெடிபொருள் இருந்தது தெரியவந்தது. ஒரு வாரமாக அதன் பக்கத்தில்தான் மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள். ஒரு பை தவறினால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு மும்பைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சீசரின் பணிக் கணக்கில் வேறு இரண்டு துயரங்களும் உண்டு. ஒன்று 2011 ஜூலையில் ஜவேரி பஜார், ஓபரா ஹவுஸ், தாதர் ஆகிய மூன்று இடங்களில் வெடித்த குண்டுகள். மற்றது 2006 ஜூலை 11-ம் தேதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் நிறைந்த ரயில்களில் 11 நிமிடத்துக்குள் வெடித்த ஏழு குண்டுகள். ஏழும் மேற்கு ரயில் பாதையில் வெடித்தவை. சர்ச்கேட்டில் கிளம்பி மாஹிம், பாந்த்ரா, போரிவலி என்று வடக்கே போகும் அந்தப் பாதையில், ‘விரார் லோக்கல்’ என்று மும்பைக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும் ரயில் போய் நிற்கும் கடைசி நிறுத்தம் விரார். பத்து வருடம் கழித்துச் சீசர் கண்மூடியதும் அந்த ஊரில்தான்.

உட்கார்ந்தால் போதும்

வெடிகுண்டு நாய் வேலை செய்வதை ரயில் நிலையத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். சில நிமிடங்கள் நின்று கவனித்தால்தான் அதில் உள்ள ஒழுங்கு தெரியும்.

கையாளும் காவலர் நாயோடு பைகளின் வரிசையை நெருங்குகிறார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பையாகத் தொடாமல் சுட்டுகிறார். நாயின் மூக்கு ஜிப்பின் ஓரமாகவே போகிறது, ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்று கசிவது அங்கேதான். வாய் மூடியிருக்கிறது. மூச்சு வேகவேகமாக, துண்டு துண்டாக இழுபடுகிறது. மனிதனுக்கு மோப்ப அணுக்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாய்க்கு இருபது முதல் முப்பது கோடி. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க ஆரம்பித்துவிட்டால் இந்த மூக்கு சரியாக வேலை செய்யாது. அதனால்தான் வெயில் நேரத்தில் கொஞ்ச நேரம் தேடவிட்டு, நிழலில் தண்ணீர் காட்டி, மறுபடி அழைத்துவருகிறார்கள்.

வாசனை பிடிபட்டதும் நாய் குரைப்பதில்லை, பையைப் பிறாண்டுவதில்லை. அப்படிச் செய்தால் குண்டு வெடித்துவிடலாம். அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: உட்கார வேண்டும். பைக்கு முன்னால் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, தன் ஆளின் முகத்தைப் பார்க்கும். நிலையத்தையே காலி செய்ய அந்த ஒரு உட்காரல் போதும். அதற்கு நாய் எதிர்பார்க்கும் கூலி ஒரு ரப்பர் பந்து.

இதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாய்க்குப் பெரும்பாலும் இரண்டு காவலர்கள். காலையில் கூண்டைத் திறப்பது, உடம்பு முழுக்க வாரிவிட்டு உண்ணி இருக்கிறதா என்று காதுமடல் வரை பார்ப்பது, நடக்கவைப்பது, சாப்பாடு, மறுபடி பயிற்சி என்று அவர்களுடைய நாள் நாயோடுதான் கழிகிறது. மனைவி மக்களோடு இருப்பதைவிட அதிக நேரம் அந்த நாயோடு இருக்கிறார்கள்.

முதலில் தெரிவது அவருக்குத்தான்

ஒரு நாள் அந்த நாய் வழக்கம்போல வாசனையைப் பிடிக்கிறது. ஆனால் உட்காரக் கொஞ்சம் யோசிக்கிறது. பின்பக்கத்தைப் பாதி இறக்கி, நிறுத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் காவலருக்குத் தெரிந்துவிடும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய் இனங்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தேய்ந்துபோவது இனத்தோடு வரும் குறை. வேனிலிருந்து குதிப்பது, படிக்கட்டில் ஏறி இறங்குவது, சிமென்ட் தரையில் நாள் முழுக்க நடப்பது எல்லாம் அந்தத் தேய்மானத்தோடு சேர்ந்துகொள்கின்றன. உண்ணிக் கடியால் வரும் காய்ச்சல் ரத்த அணுக்களைக் குறைக்கும். வயதானால் சிறுநீரகம் தளரும், கண்ணில் புரை விழும், புற்றுநோயும் வரும். வீட்டில் வளரும் நாய்க்கும் இவையெல்லாம் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: வேலைக்குப் பழகிய நாய் வலியை வெளியே காட்டாது. பந்தைப் பார்த்தால் நொண்டிக்கொண்டாவது ஓடிவரும். ஊருக்கு எச்சரிக்கை சொன்ன அந்த உட்காரலே வலியாக மாறிய பிறகும் அது உட்காரும்.

இந்த நிலையில் கையாளும் காவலரின் மனம் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தால் உண்மை தெரியும். தெரிந்தால் ஓய்வுக்கான கோப்பு நகரும். நகர்ந்தால் பிரிவு. காட்டாமல் இருந்தால் வலி கூடும். எப்படிப் பார்த்தாலும் அவர் காட்டித்தான் ஆகவேண்டும். நாயின் சம்மதத்தைக் கேட்க வழியில்லாத இடத்தில் அதன் நன்மைக்காக முடிவெடுப்பதுதான் அவர் கடைசியாகச் செய்யும் கடமை. அது முடிந்ததும் பெரும்பாலும் அவர் கையில் ஒரு புதுக் குட்டியின் கயிற்றைக் கொடுத்துவிடுவார்கள். கூண்டில் அதே மூலை, அதே தட்டு, பெயர் மட்டும் வேறு.

பரேலில் ஒரு நவம்பர்

நோய்ப்பட்ட போலீஸ் நாயை மும்பை சந்தித்தது 2016-ல் முதல்முறை அல்ல. அதற்கு 16 வருடம் முன்பு, இஞ்சி நிறத்தில் ஒரு லாப்ரடார் இருந்தான். ஜஞ்சீர் என்று பெயர். அமிதாப் பச்சனின் படத்தை வைத்து வந்த பெயர். 1992 டிசம்பர் கடைசியில் மும்பை காவல்துறையில் சேர்ந்தான். மூன்றே மாதத்தில், 1993 மார்ச் 12-ம் தேதி, நகரம் அடுத்தடுத்து வெடித்தது. 257 பேர் இறந்தார்கள்.

மூன்று நாள் கழித்து, மும்பாதேவி கோயிலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள தன்ஜி தெருவில் நிறுத்தியிருந்த ஒரு இருசக்கர வாகனத்தின் முன்னால் ஜஞ்சீர் நின்றுவிட்டான். உள்ளே வெடிமருந்து. அங்கே தொடங்கி, அவனது பணிக்காலம் முடியும்போது கணக்கு இப்படி இருந்தது: 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள், 6,406 துப்பாக்கித் தோட்டாக்கள். அந்தக் குண்டுகள் வெடித்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு அதே தெருக்களில் நடந்துகொண்டிருப்பார்கள். தாங்கள் தப்பியது அவர்களுக்கே தெரியாது.

ஜஞ்சீருக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. பஞ்சாலைகள் சூழ்ந்த பரேலில், பார்சி கொடையாளர் தின்ஷா பெட்டிட் குடும்பத்தின் உதவியால் 19-ம் நூற்றாண்டில் எழுந்த பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனையில் 2000 நவம்பர் 16-ம் தேதி இறந்தான். வயது எட்டுதான். ஓய்வு என்ற ஒன்றை அவன் பார்க்கவே இல்லை. முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பூக்களால் மூடப்பட்ட அவன் உடலுக்கு முன்னால் காவல்துறை அதிகாரி நிற்கும் புகைப்படம் இன்றும் மார்ச் மாதம் வந்தால் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மரியாதை செலுத்த நமக்குத் தெரியும். மாலை, சல்யூட், மூவர்ணக்கொடி எதிலும் குறை வைக்கமாட்டோம். ஆனால் மாலைக்கு ஒரு நாள் போதும். மருந்து தினமும் வேண்டும். நாய்க்கு நம்மிடமிருந்து தேவைப்படுவது, அந்தக் கடைசி நாளுக்கு முன்னால் வரும் ஆயிரம் சாதாரண நாட்களில்தான்.

விரார் பண்ணை செய்தது

மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் நால்வருக்கும் அந்தச் சாதாரண நாட்கள் கிடைத்தன. கொடுத்தது சட்டமோ துறையோ அல்ல, தனி மனிதர்களின் இரக்கம். மண் தரை, மர நிழல், வேளைக்குச் சாப்பாடு, மருத்துவரின் வருகை. சுவரில் ஏறிக் குதிக்கச் சொல்லி யாரும் கயிற்றை இழுக்காத இடம்.

வயதும் நோயும் அங்கேயும் வந்தன. ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மேக்ஸ் முதலில் போனான். ஒவ்வொரு முறையும் காவலர்கள் வந்து மரியாதை செலுத்தினார்கள். ஜூலையில் டைகரும் போனபின் மிச்சம் இருந்தவன் சீசர் மட்டும். கூட்டாளிகள் இல்லாமல் அவன் வாடிப்போனதாகப் பார்த்துக்கொண்டவர்கள் சொன்னார்கள். நாய்க்குத் துக்கம் உண்டா என்று கேட்பவர்கள் ஒரே வேனில் ஆண்டுக்கணக்காகப் பயணம் செய்த இரண்டு நாய்களைப் பிரித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அக்டோபர் 13 அன்று, 11 வயதில், மாரடைப்பில் சீசர் இறந்தான். உடலின் மேல் தேசியக் கொடி போர்த்தினார்கள்.

அன்று முகம் தெரியாத எத்தனையோ பேர் அஞ்சலி எழுதினார்கள். நவம்பர் 26 இரவில் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், தாஜின் சமையலறையில் ஒளிந்திருந்தவர்களின் உறவினர்கள், வெறுமனே மும்பையில் வாழ்பவர்கள். ஒரு நாய்க்கு நன்றி சொல்ல ஒரு நகரமே வரிசையில் நின்றது போல இருந்தது. அந்த வரிசையில் பத்தில் ஒருவர் மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் ஓய்வுபெற்ற நாய்களுக்கு ஒரு மருத்துவமனையே நடத்தலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

இரக்கம் விதியாக மாறட்டும்

இரக்கத்தை நம்பி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. நம் ராணுவத்தில் வேலைக்குத் தகுதி இழந்த நாய்களை ஊசி போட்டுக் கொல்வதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதிலால் அது வெளியே வந்தது. பொதுமக்கள் கொதித்தார்கள், டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது, கொள்கை மாறியது. இன்று மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையம் ஓய்வுபெற்ற நாய்களை விரும்பும் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ராபி என்ற ராணுவ நாய்க்கு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போனது. அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவனைக் கையாண்ட வீரர் கேட்டார். சட்டம் இடம் தரவில்லை. ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற சட்டத்தில் அதிபர் கிளின்டன் 2000 நவம்பரில் கையெழுத்திட்டார், நம் ஜஞ்சீர் இறந்த அதே மாதத்தில். ராபிக்கு அது பயன்படவில்லை. 2001 ஜனவரியில், நோய் முற்றிய நிலையில் அவனைக் கருணைக்கொலை செய்தார்கள். சட்டத்துக்கு அவன் பெயர்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் காவல்துறை 2013-ல் ஓர் எளிய வழியைக் கண்டது. ஓய்வுபெற்ற நாயை வைத்துப் பார்ப்பவருக்கு மருத்துவச் செலவாக மூன்று வருடத்துக்கு 1,500 பவுண்டு வரை ‘பென்ஷன்’. வளர்க்க மனமிருந்தும் பணத்துக்குப் பயந்து தயங்குகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

நம் நாட்டிலும் மாற்றம் தெரிகிறது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோவைக் காத்த ஏழு நாய்களுக்கு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை பதக்கம் அணிவித்து, விழா எடுத்து ஓய்வு கொடுத்தது. 2020-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், 300-க்கும் மேற்பட்ட வழக்குகளில் துப்பு கொடுத்த ராக்கி நீண்ட நாள் நோய்க்குப் பின் இறந்தபோது, மாவட்டக் காவல்துறை கண்ணீரோடு வழியனுப்பியதைப் பிரதமர் தன் ‘மனதின் குரல்’ உரையில் சொன்னார். மழை பொய்த்து, பாதி ஊர் கரும்பு வெட்டக் கிளம்பிப்போகும் மாவட்டம் அது. அங்கே ஒரு நாயின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழாவோடு இது நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஓய்வுபெறும் ஒவ்வொரு போலீஸ் நாய்க்கும் உயிர் உள்ளவரை அரசுக் கால்நடை மருத்துவமனையில் இலவச சிகிச்சையும் மருந்தும் வேண்டும். அதைத் தத்தெடுக்கும் முதல் உரிமை கையாண்ட காவலருக்கு வேண்டும். அவர் குடியிருப்பில் இடம் இல்லையென்றால், பராமரிப்புப் பணத்தோடு நம்பகமான ஒரு வீடு வேண்டும். நாய் போன இடத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது துறை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்கள்தான். ஜீப்புக்குப் போடும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

பொதுமக்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. நிலையத்தில் வேலையில் இருக்கும் நாயைத் தடவ வேண்டாம், பிஸ்கட் நீட்ட வேண்டாம், வழிவிட்டால் போதும். நம் மாவட்ட மோப்ப நாய்ப் பிரிவில் எந்த நாய் எப்போது ஓய்வுபெறுகிறது, அதன் பிறகு எங்கே போகிறது என்று கேட்கலாம். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் கோப்பில் அதற்கு ஒரு பதில் எழுதவேண்டிய கட்டாயம் வரும்.

நாளிதழில் அந்த மூன்று வரிகள் இனியும் வரும். ‘சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது’ என்பதை முன்பெல்லாம் நாயின் தோல்வி போலப் படித்தேன். இப்போது அதைப் படித்தால் ஜஞ்சீரும் சீசரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நமக்காக ஒரு நாயால் ஓட முடிந்தது எட்டு, ஒன்பது வருடம். நின்றுவிட்ட இடத்துக்கு நாம் போய், அதை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.